கரியும் கல்லும் தூரிகையும்: சீன அறிஞர்களின் எழுதுகருவிகள்



கடந்த ஆண்டு பெய்த பெருமழையில் நம் பள்ளிவாசலின் மேல்மாடி அறை ஒழுகி, அங்கிருந்த மர அலமாரிக்குள் நீர் புகுந்து, பழைய நிக்காஹ் தஃப்தர்கள் சில நனைந்துபோனதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்று நாட்கள் அவற்றைப் பாயில் பரப்பி, ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தினோம். அப்போது எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், தம் நிக்காஹ் பதிவான பக்கத்தைத் தேடி வந்தார். பக்கம் கிடைத்தது. ஆனால் எழுத்து இல்லை. வெளிர்நீலக் கறை ஒன்றே இருந்தது. அதற்கு முந்திய தலைமுறையின் தஃப்தரோ அதே நீரில் நனைந்தும் எழுத்துக் கலையாமல் இருந்தது. பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத்! என் வாப்பா காலத்துத் தஃப்தர் அப்படியே இருக்கிறது. என் காலத்துத் தஃப்தர்தான் அழிந்துவிட்டது. இது என்ன கணக்கு?" என்று கேட்டார்.

முந்தியது விளக்குக் கரியோடு வேலம்பிசின் கூட்டிக் காய்ச்சிய மசியால் எழுதப்பட்டது. பிந்தியது கடையில் வாங்கிய நீல மையால் எழுதப்பட்டது. சாயம் நீரில் கரையும், கரி கரையாது என்று விடை கூறினேன். எளியேன் மத்ரஸாவில் ஓதிய காலத்தில், எங்கள் உஸ்தாத் ஒருவர் நாணற்கலத்தைச் சீவவும் மசி கூட்டவும் எங்களுக்குக் கற்றுத் தந்திருந்தார். ஆதலால் அவ்விடையில் எனக்கு ஐயமில்லை. எனினும் அன்றிரவு என் நினைவு வேறொரு தேசத்தை நாடிச் சென்றது. கரியால் எழுதுவதை ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கிக்கொண்ட சமுதாயம் ஒன்று உண்டெனில் அது சீனச் சமுதாயமே. அவர்களுடைய எழுதுகருவிகளின் வரலாற்றில் நம் கவனத்திற்குரிய செய்திகள் பல இருப்பதால், இவ்வாண்டு மலருக்கு அதையே எழுத முற்பட்டேன்.

நீருக்குள் இருந்த ஏடுகள்

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூடி என்ற இடத்தில், 1975ஆம் ஆண்டின் இறுதியில் தொல்லியலார் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டினர். அங்கிருந்த ஒரு கல்லறை, ச்சின் அரசில் பணியாற்றிய ஷீ என்னும் சிற்றதிகாரிக்குரியது. அவர் கி.மு. 217ஐ ஒட்டி இறந்தவர். அவருடைய உடலைச் சுற்றிலும் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் வைக்கப்பட்டிருந்தன. சட்டங்களும் வழக்கு விசாரணை முறைகளும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகள் ஈரமண்ணில் ஊறிக் கிடந்தும் எழுத்துகள் படிக்கத் தக்கனவாகவே இருந்தன. எழுதிய தூரிகைகளும் அவருடனேயே வைக்கப்பட்டிருந்தன.

அதே இடுகாட்டின் மற்றொரு கல்லறையில் கிடைத்தவை இன்னும் நெஞ்சைத் தொடுபவை. மைக்கல் ஒன்றும், சிறு மைத்துண்டு ஒன்றும், இரண்டு மரப்பலகைக் கடிதங்களும் அங்கே இருந்தன. போருக்குச் சென்ற ஹெய்ஃபூ, ஜிங் என்னும் இரு சகோதரர்கள் வீட்டிற்கு எழுதிய கடிதங்கள் அவை. தாயின் நலம் விசாரிக்கிறார்கள். கோடை உடைக்குத் துணியோ பணமோ அனுப்புமாறு கேட்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பினார்களா என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை.

அறிஞன் மேசையின் நான்கு பொருட்கள்

தூரிகை, மை, காகிதம், மைக்கல் ஆகிய நான்கையும் சேர்த்து "எழுத்தறையின் நான்கு பொக்கிஷங்கள்" என்று சீனர்கள் அழைப்பர். சோங் வம்ச காலத்தில் சூ யிஜியான் என்னும் அறிஞர் கி.பி. 986இல் இந்நான்கையும் பற்றித் தனியே ஒரு நூல் இயற்றினார். எழுதுகருவிகளுக்கென்றே ஒரு நூல் எழுதும் அளவுக்கு அவை மதிப்புப் பெற்றிருந்தன. அதற்குக் காரணமும் உண்டு. அரசுப் பணிக்குச் செல்ல விரும்பிய ஒவ்வொருவரும் தேர்வெழுத வேண்டியிருந்தது; தேர்வோ தூரிகையால் எழுதப்பட்டது. நான்ஜிங் நகரத் தேர்வு வளாகத்தில் மட்டும், அதன் உச்சநிலையில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. ஓர் ஆள் அமரும் அளவே உள்ள அவ்வறைகளில், இந்நான்கு பொருட்களையும் முன்னே வைத்துக்கொண்டு நாட்கணக்கில் எழுதினார்கள்.

தூரிகையைக் கண்டுபிடித்தவர் மெங் தியான் என்னும் தளபதி என்பது அவர்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. சீனப் பெருஞ்சுவரின் முந்திய வடிவத்தைக் கட்டியவரும் அவரே. ஆனால் 1954இல் ச்சாங்ஷா நகருக்கு அருகே திறக்கப்பட்ட ஒரு கல்லறையில், அவர் காலத்திற்கும் முற்பட்ட தூரிகை ஒன்று கிடைத்துவிட்டது. முயல் முடியை மூங்கில் குச்சியின் நுனியில் பொருத்தி, நூலால் கட்டியிருந்தார்கள். ஆகவே மெங் தியான் அதனைச் செம்மைப்படுத்தியிருக்கலாமே அன்றிப் புதிதாகப் படைத்தவர் அல்லர்.

காகிதத்தின் கதையும் இவ்வாறே. சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி கி.பி. 105இல் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து காகிதம் செய்து பேரரசரிடம் சமர்ப்பித்தார் என்று சீன வரலாறு பதிவு செய்கிறது. ஆனால் அதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த காகிதத் துண்டுகள் கான்சு மாகாணத்துப் பாலை நிலங்களில் கிடைத்துள்ளன. இவ்விருவருக்கும் வேறோர் ஒற்றுமை உண்டு. மெங் தியான் கி.மு. 210இல் அரண்மனைச் சதியால் தண்டனைக்குள்ளாகி நஞ்சருந்தி மாண்டார். சாய் லுன்னும் கி.பி. 121இல் அரண்மனை வழக்கொன்றில் சிக்கி, நீராடி நல்லாடை உடுத்தி, நஞ்சருந்தி மாண்டார். எழுத்தின் பெயரால் போற்றப்படும் இருவரும் அரசரின் ஓர் எழுத்துக்கு உயிரைக் கொடுத்தவர்கள்!

தண்ணீர்த் தொட்டியின் முன்னே

தூரிகை செய்யும் தொழிலில் டாங் வம்ச காலத்தில் அன்ஹூய் மாகாணத்து ஷுவான்சோ புகழ் பெற்றிருந்தது. பின்னர் அப்புகழ் ஜெஜியாங் மாகாணத்து ஹூசோவுக்கு, குறிப்பாக அதனைச் சார்ந்த ஷான்லியான் என்னும் சிற்றூருக்கு இடம் பெயர்ந்தது. இன்றும் "ஹூசோ தூரிகை" என்றால் அதற்கொரு தனி மதிப்பு உண்டு.

முடி பலவகைப்படும். வெள்ளாட்டு முடி மென்மையானது. மையை நிறைய உறிஞ்சித் தேக்கி வைக்கும். காட்டுமுயலின் முதுகு முடி கருஞ்செந்நிறமும் விறைப்பும் உடையது. கூர்மையான கோடுகளுக்கு ஏற்றது. "ஓநாய் முடி" என்று பெயர் பெற்ற ஒன்றும் உண்டு. ஆனால் அது ஓநாயின் முடி அன்று. கீரியை ஒத்த வீசல் என்னும் சிறு விலங்கின் வால்முடி. அதன் சீனப் பெயரில் ஓநாயைக் குறிக்கும் சொல் கலந்திருப்பதால் வந்த வழக்கு இது. மென்முடியையும் வன்முடியையும் கலந்து செய்யும் தூரிகைகளும் பல.

வேலையின் பெரும்பகுதி நீரிலேயே நடைபெறுகிறது. முடியைச் சுண்ணாம்பில் இட்டு அதன் கொழுப்பை நீக்குவார்கள். பின்பு பெண்கள் ஒரு தண்ணீர்த் தொட்டியின் முன் அமர்ந்து, எலும்புச் சீப்பால் முடியை நீருக்குள்ளேயே வாரி வாரி ஒழுங்குபடுத்துவார்கள். நுனி முறிந்த முடி, தலைகீழாகத் திரும்பிய முடி, வளைந்த முடி ஆகிய ஒவ்வொன்றையும் கண்ணாலும் விரலாலும் கண்டறிந்து நீக்க வேண்டும். நல்ல வெள்ளாட்டு முடியின் நுனியில் ஒளி ஊடுருவும் ஒரு சிறு பகுதி உண்டு. அந்நுனிகள் யாவும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் தூரிகை கூராகக் குவியும். அதன்பின் உள்முடிக்கு மேல் மெல்லிய உறைமுடியைச் சுற்றி, பட்டு நூலால் இறுகக் கட்டி, அடியை உருகிய பிசினால் அடைத்து, மூங்கில் காம்பில் பொருத்துவார்கள். இறுதியாக ஒருவர் ஒளியில் பிடித்து, எஞ்சியுள்ள பிழை முடிகளைச் சிறு கத்தியால் ஒவ்வொன்றாக எடுப்பார். மொத்தம் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட படிகள் என்பது அவர்கள் கணக்கு.

முனை கூர்மை, மட்டம், வட்டம், உறுதி ஆகிய நான்கு பண்புகளும் அமைந்ததே நல்ல தூரிகை என்பர். மார்கழிக் குளிரிலும் அத்தண்ணீருக்குள் கை வைத்திருக்க வேண்டும். எழுதியவரின் பெயரை ஆயிரமாண்டு கழித்தும் சொல்லுகிறார்கள். தொட்டியின் முன் அமர்ந்த பெண்மணியின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

இந்தக் கருவிக்கும் நம் கலத்துக்கும் உள்ள வேற்றுமையை இங்கே சொல்லியாக வேண்டும். நாணற்கலத்தின் முனை சாய்வாக வெட்டப்பட்டது. எழுத்தின் பருமனும் மெலிவும் அதனைப் பிடிக்கும் கோணத்தால் அமைகின்றன. தூரிகையிலோ கோணம் பெரிதன்று, அழுத்தமே பெரிது. கையை ஒரு நூலளவு தாழ்த்தினால் கோடு தடிக்கும். ஒரு நூலளவு உயர்த்தினால் மெலியும். காகிதமோ மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அழித்து எழுத வழியில்லை. ஆகவே அவர்களுடைய பயிற்சி கடுமையாக இருந்தது. சுய் வம்ச காலத்தைச் சார்ந்த ஜியோங் என்னும் துறவி, ஹூசோவில் ஒரு மடத்தின் மேல்தளத்தை விட்டு இறங்காமல் முப்பது ஆண்டுகள் எழுதிப் பழகினார் என்றும், தேய்ந்த தூரிகை முனைகள் ஐந்து பெருங்கூடைகளை நிறைத்தன என்றும், அவற்றை அவர் ஓரிடத்தில் புதைத்து "ஓய்வு பெற்ற தூரிகைகளின் கல்லறை" எனப் பெயரிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹுவாய்சூ என்னும் துறவி, காகிதம் வாங்க வசதியின்றி வாழை நட்டு அதன் இலைகளில் எழுதிப் பழகினாராம். வாழையிலையின் வேறு பயன்களையே அறிந்த நமக்கு இது வியப்பைத் தருகிறது.

புகையைப் பிடித்து வைத்தவர்கள்

சீன மை நீராக விற்கப்பட்டதன்று, கட்டியாக விற்கப்பட்டது. பைன் மரத்தை எரித்து அதன் புகைக்கரியைச் சேகரிப்பர். பிற்காலத்தில் துங் எண்ணெய் விளக்குகளின் புகையையும் பிடித்தனர். அக்கரியைச் சலித்து, தோலிலிருந்து காய்ச்சி எடுத்த வச்சிரத்துடன் பிசைந்து, இடித்து, அச்சில் இட்டு மாதக்கணக்கில் உலர்த்துவார்கள்.

ஆறாம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே என்பவர் எழுதிய வேளாண்மை நூலில் மை செய்யும் முறை ஒன்று உள்ளது. கரியுடன் வச்சிரம், ஐந்து முட்டைகளின் வெண்கரு, சாதிலிங்கம், கஸ்தூரி ஆகியவற்றைச் சேர்த்து, இரும்பு உரலில் முப்பதாயிரம் முறை இடிக்க வேண்டும். அதற்கு மேல் இடித்தால் இன்னும் நன்று என்கிறார் அவர். வெயிற்காலத்தில் செய்தால் பசை அழுகிவிடும் என்பதால் குளிர் மாதங்களிலேயே செய்ய வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். பிற்காலத்தில் இத்தொழிலுக்கு அன்ஹூய் பகுதியின் ஹூய்சோ பெயர் பெற்றது. (ஹூசோ தூரிகைக்கு, ஹூய்சோ மைக்கு, பெயர்கள் ஒத்திருப்பினும் இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.) அங்கே பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மை வினைஞர் ஒருவரின் குடும்பத்திற்கு, தெற்கு டாங் அரசர் தம் குலப்பெயராகிய "லீ" என்பதையே பரிசாக வழங்கினார். லீ திங்குவெய் என்று அப்பெயராலேயே அவர் அறியப்படுகிறார்.

மைக்காகக் காடுகளே அழிந்தன. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் ஷென் குவோ (1031–1095) இதைக் கண்டு வருந்தி எழுதியிருக்கிறார். வடமேற்கே யான்சோ பகுதியில் அவர் அதிகாரியாக இருந்தபோது, மண்ணிலிருந்து ஊறும் ஒருவகை எண்ணெயை மக்கள் எரிப்பதையும், அதன் புகையால் திரைச்சீலைகள் கறுப்பதையும் கண்டார். உடனே அக்கரியைச் சேகரித்து மை செய்து பார்த்தார். அது அரக்கைப் போல் பளபளத்தது. பைன் மையை விஞ்சியது. அவ்வெண்ணெய்க்கு அவர் வழங்கிய "கல்லெண்ணெய்" என்னும் பொருளுடைய சொல்லே இன்றுவரை சீன மொழியில் பெட்ரோலியத்தின் பெயராக உள்ளது. இப்பொருள் வருங்காலத்தில் உலகெங்கும் பயன்படும் என்று அவர் எழுதியது பலித்தது. மண்ணுக்குள் அது முடிவின்றி ஊறும் என்று எழுதியது பலிக்கவில்லை. வளைகுடா நாடுகளில் எண்ணெய்க் கம்பெனிகளில் பணிபுரியும் நம் ஜமாஅத் இளைஞர்கள் விடுமுறையில் வரும்போது இச்செய்தியை அவர்களிடம் சொல்லி மகிழ்வது எனக்கு வழக்கம்.

கல்லை எடுத்துச் செல்லாத அதிகாரி

மைக்கட்டியை நீர்விட்டு உரைப்பதற்குரியது மைக்கல். உரைப்பது என்பது அவசர வேலை அன்று. சில துளி நீர் விட்டு, கட்டியை நேராகப் பிடித்து, மெல்லச் சுழற்றியபடி இருக்க வேண்டும். எழுதப் போவதை எண்ணிப் பார்க்க அவ்வேளை பயன்பட்டது என்பர். கல் மிக வழவழப்பாயின் மை இறங்காது. மிகச் சொரசொரப்பாயின் மை திப்பியாகும், தூரிகையும் தேயும்.

மைக்கற்களில் தலைசிறந்தது குவாங்தோங் மாகாணத்தின் துவான் கல். துவான்சோ என்பது இன்றைய ஜாவோசிங் நகரம். மிகச் சிறந்த கல் கிடைத்த பழைய சுரங்கம் ஓடைமட்டத்துக்குக் கீழே இருந்ததால், ஆண்டின் பெரும்பகுதி நீரில் மூழ்கியிருக்கும். ஓடை வற்றும் குளிர்காலத்தில், தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து கலம் கலமாக நீரை இறைத்துவிட்டு, விளக்கொளியில் தவழ்ந்து உள்ளே சென்று, உளியால் கல்லைப் பெயர்த்துத் தலைச்சுமையாகக் கொணர்ந்தார்கள். பெருங்கவிஞர் சூ ஷி, தம் மைக்கல்லில் பொறித்த வாசகத்தில் இத்தொழிலாளரின் பாட்டைக் குறிப்பிட்டிருக்கிறார். கல்லின் அழகைப் பாடியவர்கள் பலர். அதனை எடுத்தவர்களை நினைத்தவர்கள் சிலரே என்பதால் இதனை இங்கே குறிப்பிட்டேன்.

இந்தக் கல்லில் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை அரண்மனைக்குத் திறையாக அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அங்கே பணிக்கு வந்த அதிகாரிகள், திறையின் பெயரைச் சொல்லி அதைப் போல் பல பத்து மடங்கு கற்களை எடுக்கச் செய்து, தலைநகரிலிருந்த செல்வாக்குள்ளோருக்கு அன்பளிப்பாக அனுப்பி வந்தனர். அச்சுமை முழுவதும் அந்த இருட்டுக்குள் தவழ்ந்தவர்கள் மீதே விழுந்தது. 1040களின் தொடக்கத்தில் பாவ் செங் (999–1062) என்பவர் அவ்வூருக்கு அதிகாரியாக வந்தார். திறைக்கு எத்தனை தேவையோ அத்தனை மட்டுமே செய்ய வேண்டும் என ஆணையிட்டார். பதவிக்காலம் முடிந்து புறப்பட்டபோது தமக்கென ஒரு மைக்கல்லைக் கூட அவர் எடுத்துச் செல்லவில்லை என்று சோங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறு எழுதி வைத்திருக்கிறது. பல்லாயிரம் ஏடுகள் கொண்ட ஓர் அரசு வரலாற்றில், ஒருவர் எடுக்காத ஒரு கல்லுக்கு இடம் கிடைத்திருக்கிறது! சீனப் பாமர மக்கள் இன்றளவும் நாடகங்களிலும் கதைகளிலும் அவரை நீதிமானாகக் கொண்டாடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. மி ஃபூ (1051–1107) என்னும் எழுத்துக் கலைஞர் மைக்கற்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர். கல் பைத்தியம் என்று பெயர் எடுத்தவர். பேரரசர் ஹுய்சோங் தம் முன்னே அவரை எழுதச் சொன்னாராம். எழுதி முடித்ததும், அரசரின் மைக்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு, எளியேன் தொட்டு இது மாசுபட்டுவிட்டது, இனி மன்னர் பயன்படுத்தத் தகாது என்றாராம். அரசர் சிரித்துக் கல்லைக் கொடுத்துவிட, மை ஆடையெல்லாம் வழிய அவர் ஓடினாராம். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆயினும் இவ்விருவரில் எவர் கையில் பைத்துல் மாலின் சாவியைக் கொடுக்கலாம் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இராது.

பாக்தாதில் ஒரு சீனர்

காகிதம் நம்மவரிடம் வந்த வரலாற்றைப் பலர் அறிவர். ஹிஜ்ரி 133, கி.பி. 751இல் தலாஸ் நதிக்கரைப் போரில் சிறைப்பட்ட சீனர்கள் வழியாகச் சமர்கந்து நகரில் காகிதத் தொழில் தோன்றியது என்று, சுமார் இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் ஸஆலிபீ எழுதினார். இக்கால ஆய்வாளர்கள் இதனை அப்படியே ஏற்பதில்லை. மத்திய ஆசிய வணிகர்களாகிய சோக்தியர்கள் நான்காம் நூற்றாண்டிலேயே காகிதத்தில் எழுதிய கடிதங்கள் 1907இல் துன்ஹுவாங் அருகே கிடைத்துள்ளன. போர் நடந்தது உண்மை. காகிதம் அதற்கு முன்பே வணிகப் பாதையில் வந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. ஹாரூன் ரஷீதின் ஆட்சியில், எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாக்தாதிலேயே காகிதம் தயாராயிற்று.

ஆனால் தூரிகை அந்தப் பாதையில் வரவில்லை. பத்தாம் நூற்றாண்டில் இப்னு நதீம் தம் "ஃபிஹ்ரிஸ்த்" நூலில், சீனர்கள் நாணலின் தலையில் முடியைச் செருகி ஓவியர்களைப் போல் எழுதுவதாக ஒரு வியப்புச் செய்தியாகவே குறிக்கிறார். அந்நூலில் மருத்துவ மேதை அபூபக்ர் ராஸீ கூறியதாக இன்னொரு செய்தியும் உள்ளது. சீனர் ஒருவர் பாக்தாதுக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். ஐந்தே மாதங்களில் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் கற்றார். ஊர் திரும்ப ஒரு மாதம் இருக்கையில், கிரேக்க மருத்துவர் ஜாலினூஸின் பதினாறு நூல்களையும் தமக்கு வாசித்துக் காட்டுமாறு வேண்டினார். ஒரு பகுதியை எழுதவும் நாள் போதாதே என்றார் ராஸீ. தாங்கள் எவ்வளவு விரைவாக வாசித்தாலும் நான் அதை விட விரைவாக எழுதுவேன் என்றார் அவர். ராஸீயும் மாணவரும் இயன்ற வேகத்தில் வாசித்தனர். சீனரின் கை முந்தியது. ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர்கள் நம்பினர். சுருக்கிச் சேர்த்து எழுதும் தனி எழுத்துமுறை தங்களிடம் இருப்பதாகவும், கூரிய அறிவுடையவரும் இருபது ஆண்டுகளுக்குக் குறைவாக அதனைக் கற்க முடியாது என்றும் அவர் விளக்கினாராம். செய்தியில் மிகை இருக்கலாம். முப்பது ஆண்டுகள் மாடியை விட்டு இறங்காத துறவியை நினைத்தால், இருபது ஆண்டுக் கணக்கு மிகையாகத் தோன்றவில்லை.

மலைவடிவத் தாங்கியில் இரண்டு சொற்கள்

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பெர்சிவல் டேவிட் சேகரிப்பில் ஒரு தூரிகைத் தாங்கி உள்ளது. எழுதும் நடுவே ஈரத்தூரிகையை வைப்பதற்குரியது; ஐந்து சிகரங்கள் கொண்ட மலை வடிவில், வெண்ணிறப் பீங்கானில் நீலச் சித்திரத்துடன் செய்யப்பட்டது. மிங் வம்சத்துப் பேரரசர் ஜெங்டேயின் காலத்தது (1506–1521). அதன் இருபுறமும் நம் கண்ணுக்குப் பழகிய எழுத்துகள்! ஒருபுறம் "காமஹ்", மறுபுறம் "தான்". பாரசீகத்தில் இரண்டும் சேர்ந்தால் கலம் வைக்கும் தாங்கி என்று பொருள். சீன வினைஞர், சீன அறிஞரின் மேசைக்குரிய சீனப் பொருளில், அரபு லிபியில், பாரசீகச் சொல்லைத் தூரிகையாலேயே எழுதியிருக்கிறார். அக்காலத்து அரபு எழுத்துடைய பீங்கான்கள் இன்னும் பல உள்ளன. அரண்மனையில் உயர்பதவி வகித்த முஸ்லிம் அலுவலர்களுக்காக அவை செய்யப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இது ஒரு தனிச் சம்பவம் அன்று. நான்ஜிங் நகரின் லியூ ஜி என்னும் ஆலிம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இஸ்லாமிய அகீதாவையும் அமல்களையும் செம்மையான சீன இலக்கிய நடையில் தூரிகையால் எழுதினார். அவருடைய நூல்களில் ஒன்று சிங் அரசின் மாபெரும் நூற்பட்டியலிலும் குறிப்பிடப்பட்டது. அரபியை எழுதும்போதும் சீன முஸ்லிம்கள் தங்களுக்கெனத் தனிப் பாணி ஒன்றை வளர்த்தனர். "ஸீனீ" என்று பெயர் பெற்ற அவ்வெழுத்தில், கோடுகள் தூரிகையின் அழுத்தம் போல் தடித்துத் தொடங்கி வால்போல் மெலிந்து முடியும். அதற்குத் தூரிகையைக் கையாள்வோர் உண்டு. அகன்ற மரச்சில்லைக் கலமாக்கிக் கொள்வோரும் உண்டு. தொங்கும் நீள் சுருள்களில் எழுதிச் சிவப்பு முத்திரை இட்டிருப்பார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் சீன எழுத்து, அருகே சென்றால் அரபு. ஷாண்டோங் மாகாணத்தில் 1963இல் பிறந்த ஹாஜி நூருத்தீன் மீ குவாங்ஜியாங் இக்கலையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றவர்.

எழுதுவோர் குறைந்தபின்

மைக்கட்டிக்கு முதலில் தோன்றிய போட்டி உள்ளூரிலேயே தோன்றியது. தேர்வறையில் மை உரைப்பதில் வீணாகும் நேரத்தைக் கண்ட ஷியே சோங்டாய் என்பவர், தாமும் தேர்வில் தோற்றவர், 1865இல் பெய்ஜிங்கில் நீர்மை விற்கும் கடையைத் திறந்தார். 1905இல் அந்தத் தேர்வுமுறையே ஒழிக்கப்பட்டது. பின்னர் இரும்பு முனைப் பேனா வந்தது. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது பழைய ஏடுகளும் கல்வெட்டுகளும் ஏராளமாக அழிக்கப்பட்டன, பள்ளிவாசல்களும் தப்பவில்லை. ஆனால் அழிக்கச் சொன்ன பெரிய சுவரொட்டிகளும் தூரிகையால்தான் எழுதப்பட்டன. கருவி எவர் கைக்கும் பணிந்து போகிறது.

இப்போது நிலை கலந்து காணப்படுகிறது. ஹூசோ தூரிகையும் ஹூய்சோ மையும் துவான் கல்லும் 2006இல் சீன அரசின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சிங்டான் மரப்பட்டையையும் வைக்கோலையும் மலைச்சரிவில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வெளுக்க வைத்துச் செய்யும் ஷுவான் காகிதமும், சீன எழுத்துக் கலையும் 2009இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம் பெற்றன. 2013இல் பள்ளிக்கூடங்களில் தூரிகை எழுத்தைக் கற்பிக்க வழிகாட்டு நெறி வெளியிடப்பட்டது. எழுதக் கற்போர் கிடைத்துவிடுவர். தண்ணீர்த் தொட்டியின் முன் அமர்ந்து முடியைப் பிரிக்கக் கற்போர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. பல ஆண்டுப் பயிற்சி வேண்டிய அவ்வேலைக்கு இளம்பெண்கள் வருவதில்லை. வரவேண்டும் என்று நாம் எப்படிச் சொல்வது? நம் பிள்ளைகளை அவ்வேலைக்கு அனுப்புவோமா?

நம் தஃப்தர் விஷயத்திற்கு வருகிறேன். இனிவரும் நிக்காஹ் பதிவுகளைக் கரி கலந்த அழியா மையிலேயே எழுத வேண்டும் என்ற எளியேனின் வேண்டுகோளை நிர்வாகக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. உலர்ந்த தஃப்தர்கள் அனைத்தும் நிழற்படம் எடுக்கப்பட்டுவிட்டன. எழுத்து மறைந்த பக்கங்களுக்கு உரிய குடும்பத்தார், தம்மிடமுள்ள நிக்காஹ் நகல்களைக் கொணர்ந்து காட்டினால் மறுபடியும் பதிந்துகொள்ளலாம்.

அந்தப் பெரியவர் மறுவாரம் மீண்டும் வந்தார். வெயிலில் அப்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து இருவரும் பார்த்தோம். மணமகன் பெயரில்லை, மணமகள் பெயரில்லை, சாட்சிகளும் இல்லை. ஓரத்தில் மட்டும் மஹர் தொகை தெளிவாக இருந்தது. அன்றைய மோதினார் அதை நினைவுக்காகப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பென்சிலும் கரிதான் என்றேன். பெரியவர் அந்தத் தொகையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரியாகத்தான் எழுதியிருக்கிறார்" என்றார்.